ஆயிரம் கம்மி

“ஏட்டி, ரேட்டு எழுதுத இடத்தை மட்டும் சும்மா விடு. அங்கன போய் ஆழம் பாத்துட்டு நானே போட்டுக்கிடுதேன்.”

வேல்ராஜ் சொன்னபடியே அவன் மனைவி பிரேமலதா கொட்டேஷனை டைப் அடித்து, தொகை வர வேண்டிய இடத்தில் வெறும் புள்ளிகளை வைத்தாள். ‘வேல் கிரீன் சர்வீஸ், சங்கரன்கோவில்’ என்று லெட்டர்பேடு பச்சை எழுத்தில் பளபளத்தது. அச்சடித்து நாலு மாதமாகிறது. இதுவரை ஒரு தாள்கூட ஆர்டராக மாறவில்லை.

“கல்யாண மண்டபத்துத் தோட்ட வேலை ஐந்நூறு ரூவா வித்தியாசத்துல போச்சு. இதுவும் போச்சுன்னா ஒண்ணாந்தேதி பழையபடி மில்லுக்குப் போயிரணும். சொல்லிட்டேன்” என்றாள்.

“முதலாளி ஆகப் போறேன்” என்று ஊரெல்லாம் சொல்லி, மில்லில் சூப்பர்வைசர் வேலையை உதறிவிட்டு வந்தவன் வேல்ராஜ். எந்த முகத்தோடு அந்தக் கேட்டுக்குள் மறுபடி நுழைவான்?

இளையரசனேந்தல் பக்கம் பதினைந்து ஏக்கரில் சோலார் பிளான்ட். மழை பெய்தால் புல் வளர்ந்து பேனல் மேல் நிழல் கட்டிவிடும், கரண்ட் குறையும். வருஷத்துக்கு நாலு தடவையாவது புல்லை ஒழிக்க வேண்டும். ஆள் கூலி, பெட்ரோல், புல்வெட்டும் மெஷினுக்கு நைலான் நரம்பு எல்லாம் சேர்த்து ஐம்பத்திரண்டாயிரம் செலவாகும் என்று கணக்குப் போட்டு, போனில் எண்பது என்று சொல்லி வைத்திருந்தான்.

பிளான்ட்டின் கன்டெய்னர் ஆபீசில் மேனேஜர் ஜாஸ்பர் அவனை உட்கார வைத்தார். “கொட்டேஷன் கொண்டாந்தீயளா அண்ணாச்சி?” என்று கேட்கும்போதே அவர் போன் அடித்தது.

“ஹெட் ஆபீஸ். இங்கன சிக்னல் நிக்காது. இரிங்க, வாரேன்” என்று கேட் பக்கம் நடந்தார்.

மேசையில், டிபன் பாக்ஸுக்கு அடியில் ஒரு தாள் தெரிந்தது. வேல்ராஜ் வாசலைப் பார்த்தான். டிபன் பாக்ஸை நகர்த்தினான்.

கோடு போட்ட நோட்டில் கிழித்த தாள். ‘பதினைந்து ஏக்கர் புல்லுக்கு வருஷத்துக்கு ரூபாய் நாற்பதாயிரம். யாரும் மருந்து அடிக்கக் கூடாது. இப்படிக்கு, மூக்காண்டி, பனவடலிசத்திரம்.’

லெட்டர்பேடு இல்லை, சீல் இல்லை, ஜிஎஸ்டி நம்பர் இல்லை. இந்த லட்சணத்தில் மருந்து அடிக்கக் கூடாதாம்! பெரிய இயற்கை விஞ்ஞானி என்று வேல்ராஜ் பல்லைக் கடித்தான். நாற்பதாயிரத்துக்கு எவன் செய்வான்? அடுத்தவன் பிழைப்பில் மண் போடவே சில பேர் கிளம்பி வருகிறார்கள்.

கொஞ்ச நேரம் யோசித்தான். ஆள் வைத்தால்தானே கூலி? நாமே மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினால் என்ன? உடம்பு வலிக்கும்; மானம் மிஞ்சும். பேனாவை எடுத்து, புள்ளிகளின் மேல் முப்பத்தொன்பதாயிரம் என்று எழுதினான்.

ஜாஸ்பர் திரும்பி வந்து வாசித்தார். நம்பாமல் இன்னொரு தடவை வாசித்தார்.

“என்ன அண்ணாச்சி, போன்ல எண்பதுன்னீய. பாதிக்குக் கீழ வந்துட்டீய?”

“நம்ம ஊரு பிளான்ட்டு சார். லாபமா முக்கியம்?”

“நல்ல மனசுதான். ஆனா, மூக்காண்டிக்கே குடுத்துருங்கன்னு ஹெட் ஆபீஸ்ல இப்பதான் சொன்னாங்க.”

வேல்ராஜ் எழுந்தே விட்டான். “இது என்ன நியாயம் சார்? அவரு நாப்பது போட்டிருக்காரு. நான் ஆயிரம் கம்மியில்லா?”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். ஜாஸ்பர் நகர்ந்திருந்த டிபன் பாக்ஸைப் பார்த்தார். கோபப்படவில்லை, சிரிப்பை அடக்குவது போலத்தான் இருந்தது.

திருட்டுத்தனம் வெளியான பிறகு இனி என்ன வெட்கம்? “முப்பதுக்கு முடிச்சித் தாரேன் சார். சரி, இருபத்தஞ்சு! மூக்காண்டி இதுக்குக் கீழ இறங்குவாரான்னு கேட்டுப் பாருங்க.”

“அவரு எதுக்கு அண்ணாச்சி இறங்குதாரு? இன்னும் ரெண்டாயிரம் ஏத்திக்கிடுதேன்னுல்லா காலையில சொல்லிட்டுப் போனாரு.”

“ஏத்துதாரா? ஏத்துதவருக்கா வேலையக் குடுப்பீய?”

“அந்த நாப்பதாயிரம் அவரு நம்மகிட்ட கேக்கது இல்ல அண்ணாச்சி, நமக்குத் தாரது” என்றார் ஜாஸ்பர். “அவரோட நூத்தம்பது செம்மறியையும் உள்ள மேய விட்டாப் போதுமாம்.”