கயிற்றில் ஏறும் மிஷின்

பட்டுக்கோட்டையில் ஹம்தானின் கடை வாசலில், மரம் அறுக்கும் மிஷின்கள் இரண்டு கோணிச்சாக்கின் மேல் கிடக்கின்றன. ஒன்று பெரியது, மற்றது சிறியது. புங்கமரத்து இலைகளுக்கிடையே இறங்கும் வெயில் சங்கிலிப் பற்களில் துண்டு துண்டாக மின்னுகிறது. மிஷின் வாங்க வந்த குழந்தைராஜ் பெரியதை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சவூதியில் பேரீச்சந்தோப்புகளில் அவன் பிடித்துப் பழகிய அளவு அது. அங்கே ஏறி நிற்கக் கிரேன் தொட்டி இருந்தது. இங்கே ஓட்டுக்கூரைப் பக்கம் சாய்ந்த தென்னையை அறுக்க அவனேதான் மரத்தில் ஏற வேண்டும். அவன் ஏறியபின், மட்டைக்கு மேலாகப் போட்ட கயிற்றைக் கீழே நின்று இழுத்து மிஷினை மேலே அனுப்புகிறவள் மனைவி பாத்திமா மேரி. "அக்காவும் தூக்கிப் பாக்கட்டும்ணே" என்கிறார் ஹம்தான். அவள் வண்டியிலிருந்து கயிற்றை எடுத்துப் புங்கங்கிளைக்கு மேல் வீசுகிறாள். பெரியதைக் கட்டி இழுக்கிறாள். வளையல்கள் முழங்கைக்குச் சரிய, அது தடுமாறாமல் ஏறுகிறது. குழந்தைராஜ் முகம் மலர்கிறது. அதை இறக்கிவிட்டுச் சிறியதை ஏற்றுகிறாள்.

"இது போதும்."

"ஏன், பெருசு கனமா இருக்கா?"

"எனக்கென்ன, ரெண்டு கையால இழுக்குறேன். மேல ஒரு கையால மரத்தக் கட்டிக்கிட்டு, ஒத்தக் கையில பிடிக்கப்போறது நீங்க."

ஹம்தான் சிரிப்பை அடக்கிக்கொண்டு மேசையைத் துடைக்கிறார். குழந்தைராஜ் பெரியதை ஒருமுறை தடவிக்கொடுக்கிறான். அவள் கயிற்றைத் தளர்த்தவில்லை. சிறியது காற்றில் மெல்லச் சுழல்கிறது.

"சரி, இறக்கு" என்று சொல்லி, ஒரு கையை மட்டும் மேலே நீட்டுகிறான்.