திலகா சொல்லி வைத்தது

"உங்களுக்கு இந்த மாத்திரை தர முடியாதுக்கா."

தானா ராத்தா ஊர் பார்மசியில் மருந்து கொடுக்கும் ஹஃபீஸ் இப்படிச் சொன்னதும் உமாதேவிக்குச் சுர்ரென்று ஏறியது. அதற்கு முன் ரிங்லெட் ஊரில் ஏறி இறங்கிய மருந்துக் கடைகளிலும் இதே கதைதான்.

"ஏன் தம்பி? முட்டி வலிக்கு எப்பவும் வாங்குற மாத்திரைதான லா?"

"ஒரு அம்மா வந்து உங்க போட்டோவக் காட்டி, இவங்க கேட்டா கொடுக்காதீங்கன்னு சொல்லிட்டுப் போனாங்க."

யாரென்று கேட்கவே வேண்டாம். திலகா! உமாதேவியின் அண்ணன் சாம்பசிவத்தின் மனைவி.

"அவளா? எங்க அண்ணனக் கவனிக்காம சாகடிச்சவ தம்பி! எழவு வீட்டுலயே எல்லார் முன்னாலயும் கேட்டேன். வாயத் திறக்கல. அதுக்கு இப்ப பழி வாங்குறா. என்னப் பத்தி என்ன சொன்னா?"

ஹஃபீஸ் குரலைத் தாழ்த்தினான்.

"ஆஸ்பத்திரில உங்களுக்கு ரத்தம் உறையாம இருக்க மாத்திரை கொடுத்திருக்காங்களாக்கா?"

"ஆமா, போன மாசத்துலேருந்து. நெஞ்சு படபடப்புக்கு. அதுக்கும் இதுக்கும் என்ன? இது சும்மா கடையில வாங்குறதுதான?"

"கடையில வாங்குறதும் மருந்துதான்க்கா. அந்த மாத்திரையோட இதையும் சேர்த்துப் போட்டா வயித்துக்குள்ள ரத்தம் கசியும். வெளிய தெரியவே தெரியாது. இருங்க, ஆஸ்பத்திரில பேசி, உங்களுக்கு ஒத்து வர்ற வலி மருந்தக் கேட்டுச் சொல்றேன்."

"இத அவ நேரா என்கிட்டயே சொல்லலாமே?"

"'நான் சொன்னா அவ கேக்க மாட்டா தம்பி'ன்னு அழுதாங்க. நீங்க ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுறது ஊர்ல யாரோ சொல்லித் தெரியுமாம். அவங்க வீட்டுக்காரரும் நீங்க சாப்பிடுற அதே மாத்திரைதான் சாப்பிட்டாராம். முதுகு வலிக்கு யாரோ கொடுத்த வலி மாத்திரையும் சேர, அதுலதான் போய்ட்டாராம்."

"யார்... யார் கொடுத்தாங்கன்னு சொன்னாளா?"

"கேட்டேன். தெரியலன்னுட்டாங்க."

அன்று தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "முதுகு பிடிச்சுக்கிச்சு தங்கச்சி" என்று அண்ணன் முனகியபோது, தன் வலி மாத்திரையை எடுத்து அவன் கையில் திணித்தவள் உமாதேவிதான். அந்த வாரம் முழுக்கத் தினமும் கொடுத்தாள்.

கடையை விட்டு இறங்கி நடந்தாள். ஹஃபீஸ் பின்னாலிருந்து கூப்பிட்டது அவள் காதில் விழவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராகத் திலகா வீட்டு வாசலில் போய் நின்றாள். அண்ணன் போன பிறகு அவள் மிதிக்காத வாசல்.

"அண்ணி, அண்ணனுக்கு அந்த மாத்திரையக் கொடுத்தது யாருன்னு உனக்கு நெசமாவே தெரியாதா?"

திலகா எழுந்து வந்து அவள் கையைப் பிடித்து உள்ளே உட்கார வைத்தாள்.

"தெரியும்தான? தெரிஞ்சும் ஏன் அண்ணி எல்லார் முன்னாலயும் என்கிட்ட அவ்வளவு பேச்சு வாங்கின?"

உமாதேவியின் கண்களைச் சேலைத் தலைப்பால் துடைத்தபடி திலகா சொன்னாள்:

"என் மேல கோவம்னா நீ எப்படியும் வாழ்ந்துருவ உமா. உன் மேலயே கோவம் வந்தா நீ தாங்குவியா?"