யாரும் எடுக்காத வெளிச்சம்

ஒகேனக்கல் பாறைப் பிளவுக்குள் உச்சி வெயில் இறங்குவது பத்தே நிமிடம்தான். அதைப் படம்பிடிக்க மூன்று வருடமாக வந்துகொண்டிருக்கிறாள் குமுதா. பரிசலில் உட்கார்ந்து கேமராவை உயர்த்தினாள்.

"இந்தப் படம் ஏற்கெனவே உலகத்தில் இருக்கிறது," என்று சொல்லிக் கேமரா கண்ணை மூடிக்கொண்டது. இருப்பதை மறுபடி எடுக்க இப்போது எந்தக் கேமராவும் சம்மதிப்பதில்லை. குமுதா குனிந்து பார்த்தாள், சாய்ந்து பார்த்தாள். எல்லாக் கோணத்தையும் யாரோ எடுத்துத் தொலைத்திருந்தார்கள்.

கரைப்பாறையில் மசாஜ்காரரிடம் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த அவள் கணவர் பரந்தாமன் எழுந்து வெயிலில் நின்றார். தலையில் பேருக்குக்கூட முடி கிடையாது.

"இன்னிக்கும் ஆவலையா, குமுதா?"

அவர் மண்டையில் பட்ட வெயில் தெறித்து, ஒருநாளும் சூரியனைப் பார்த்திராத எதிர்ப்பாறையின் இடுக்கில் பொன்னாக நடுங்கியது. குமுதா கேமராவை அங்கே திருப்பினாள். அது ஒரு வார்த்தை பேசாமல் 'க்ளிக்' என்றது.

"என்னையா எடுக்கற?"

"இல்லீங்க, நீங்க அடிக்கிற வெளிச்சத்த. தலைய மட்டும் கொஞ்சம் குனிங்க."

அவள் சிரித்த சிரிப்பில் பரிசல் ஆடியது. குமுதா மசாஜ்காரரைப் பார்த்துக் கத்தினாள்:

"அண்ணே, இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊத்துங்க."