இடுப்புக் கயிறு

ஊரூர் குப்பத்து மீன் கடைகளில் மதிய வியாபாரம் ஓய்ந்திருக்கிறது. நீலத் தார்ப்பாய் வழியே இறங்கும் வெயிலில் சிவந்த சங்கரா மீன்கள்கூட நீலமாகக் கிடக்கின்றன. மேகலா பலகைமேல் சாய்த்து வைத்த செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எங்கோ ஒரு பாலைவனம். செம்பாறைகளுக்கு நடுவே அடி தெரியாத பள்ளம். அதன் குறுக்கே இழுத்துக் கட்டிய நாடாவில் வெறுங்காலோடு ஒருவன் நடக்கிறான். விரித்த கைகள் காற்றைத் துழாவுகின்றன. கால் நடுங்குகிறது. சட்டென்று விழுகிறான். இடுப்பில் கட்டிய கயிறு வெடுக்கென இழுத்துப் பிடிக்க, தலைகீழாக ஆடிக்கொண்டே சிரிக்கிறான். பிறகு கயிற்றைப் பற்றி மேலே ஏறுகிறான். மேகலா செதில் ஒட்டிய விரலால் படத்தைப் பின்னுக்குத் தள்ளி அவனை மறுபடி நடக்க விடுகிறாள்.

“இன்னாக்கா, காலைலேர்ந்து அதையே பாத்துகினு கீற?” பக்கத்துக் கடை ரோஸ்லின் மீன்மேல் தண்ணீர் தெளித்தபடி கேட்கிறாள். மேகலா கண்ணை எடுக்கவில்லை. அவள் புருஷன் பக்கிரி அடுக்குமாடிகளுக்கு வெளிச்சுவர் பெயிண்ட் அடித்தவன். இடுப்பில் கட்டிக்கொள்ளக் கொடுத்த கயிற்றைப் பெயிண்ட் வாளிக்குக் கட்டிவிடுவான். வாளி கவிழ்ந்து கீழே நிற்கும் கார்மேல் கொட்டினால் மேஸ்திரி கத்துவார் என்று பயம். போன மாசியில் அவன் உடலை எடுத்துப்போன பிறகும், எட்டாவது மாடியில் அந்த வாளி சொட்டுக்கூடச் சிந்தாமல் ஆடிக்கொண்டிருந்தது.

திரையில் அவன் மறுபடியும் விழுகிறான். “தோ பாரு ரோசு,” என்கிறாள் மேகலா. “சிரிச்சிகினே ஏறி வர்றான்.”