வெறுமையாக இருக்க வேண்டிய திரை

பெயரில்லாமல் எண் மட்டும் ஒட்டி வந்த அந்த டான்சில் சதையை அறுத்தெடுத்து இருபத்தாறு மணி நேரம் ஆகியிருந்தது. இன்னும் சற்று நேரத்தில் அதன் செல்கள் சாகத் தொடங்கிவிடும். ஒருமுறை உடலுக்குள் வந்த கிருமியை மறக்காத செல்கள் அதில் எங்கோ இருந்தன. அவற்றைத் தேடி அருள்விழி இரண்டு குழாய்களில் சாயமேற்றியிருந்தாள். முதல் குழாய் தட்டம்மைக்கு. இரண்டாவது வெறிநாய்க்கடிக் கிருமிக்கு. அதை அறிந்த உடல் அபூர்வம் என்பதால், சாயம் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்க அந்த ஆய்வகத்தில் அதையே வைத்துக்கொள்வார்கள். அந்தக் குழாயைச் செல் எண்ணும் கருவியில் வைத்தால் திரை வெறுமையாக இருக்க வேண்டும்.

இரண்டாவது குழாயை வைத்ததும் திரையில் புள்ளிகள் ஒவ்வொன்றாக ஒளிர்ந்தன.

"சாயத்த மாத்தி ஊத்திட்டியா?" என்றாள் மூத்த ஆய்வாளர் பிலோமினா அக்கா.

அருள்விழி இல்லை என்று தலையசைத்தாள்.

"மூணு மாசம் காத்திருந்து கெடச்ச சதைடி இது. இது தப்புன்னா மொத்தமும் தப்பு. வாயத் தொறந்து சொல்லேன். நேத்து லீவு, இன்னிக்கு மௌன விரதமா?"

அருள்விழி எச்சில் விழுங்கினாள். கண்ணில் நீர் வந்துவிட்டது.

அக்கா ஐஸில் மிச்சமிருந்த செல்களை எடுத்துக்கொண்டு போய், குப்பைத் தொட்டியின் மூடியைக் காலால் மிதித்துத் திறந்தாள்.

"கொட்டாதீங்கக்கா." குரல் பாதி காற்றாக வந்தது. "எட்டாவது படிக்கறப்ப நாய் கடிச்சு ஊசி போட்டாங்க. அது என்னோட டான்சில்."