ஆக்சிலேட்டர் மிதிக்க ஓர் ஆள்

பழைய பிக்கப்பின் எஞ்சின் வேகம் காரணமில்லாமல் ஏறி இறங்கியது. மெக்கானிக் பானெட்டைத் தூக்கி நிறுத்தினார். ஓட்டுநர் இருக்கை அவர் கண்ணுக்கு மறைந்துபோனது. குனிந்தபடியே, பழக்கதோஷத்தில், "கொஞ்சம் மிதி" என்றார்.

எஞ்சின் உறுமியது.

"போதும்டி, காது கிழியுது!"

உடனே அடங்கியது.

ஆக்சிலேட்டர் மிதிக்க உட்காரும் மனைவி இறந்து ஏழு மாதமாகிறது. பட்டறையில் வேறு யாருமில்லை.

விரிசல் விட்டிருந்த காற்றுக்குழாயைக் கண்டுபிடித்து மாற்றினார். ஏற்ற இறக்கம் நின்றது. "இன்னொரு தரம் மிதி" என்றார். எஞ்சின் நிதானமாக உயர்ந்து தணிந்தது.

வண்டிக்காரர் போனில் கேட்டார்: "முடிஞ்சுதாண்ணே?"

"இன்னும் கொஞ்சம் இருக்கு தம்பி."

வேலை முடிந்ததும், "சரி, இறங்கிக்கோ" என்று அவளிடம் சொல்வது வழக்கம். இன்று அதைச் சொல்ல வாய் வரவில்லை. பெட்ரோல் தீரும்வரை எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. பானெட்டை அவர் இறக்கவே இல்லை.