முதுகில் ஒரு ஜன்னல்

"இந்த ரவிக்கையப் போட்டுக்கினா தெருவுல எறங்கப் போற?"

காஞ்சனா அறை வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றாள். கண்ணாடியில் தெரிந்த முதுகைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வராதா பின்னே? அது அவளுடைய ரவிக்கை. போன தை மாதம் நாகலாபுரத்தில் நடந்த தம்பி கல்யாணத்துக்கென்று ஆசை ஆசையாகத் தைத்தது. முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஜன்னல், மேலே முடிச்சுப் போட இரண்டு கயிறு, கீழே கொக்கி.

"குடும்பப் பொம்பள போடறதா இது?" என்று வீட்டுக்காரர் சிட்டிபாபு போட்ட சத்தத்தில், ஒரு முகூர்த்தம்கூடப் பார்க்காமல் அது பீரோவுக்குள் போய்விட்டது. அவர் சட்டம் அப்படி. பால் வாங்க வாசலுக்குப் போனாலும் நைட்டி மேல் துண்டு இருக்க வேண்டும். அவர் மட்டும் லுங்கியை முட்டிக்கு மேலே மடித்துக் கட்டிக்கொண்டு ஊரைச் சுற்றி வரலாம்.

தம்பி கல்யாணத்தில் காஞ்சனா பழைய ரவிக்கையோடு மூலையில் உட்கார்ந்திருந்தாள். அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. இன்றைக்கு அதே ரவிக்கை, அவளை ஒரு வார்த்தை கேட்காமல் பீரோவிலிருந்து இறங்கி, சைடில் தையல் பிரிக்கப்பட்டு, வேறொரு முதுகில் ஏறியிருந்தது.

"இந்தப் பொடவைக்கு வேற எதுவும் மேட்ச் ஆவல," என்றது கண்ணாடிப் பக்கத்துக் குரல். "பின்னாடி கொக்கி எட்டல. கொஞ்சம் மாட்டி வுடு. மேளம் கெளம்பிடுச்சி."

"முதுகக் காட்டிக்கினு போனா நாலு பேரு இன்னா சொல்லுவாங்க? குடும்ப மானம் இன்னாத்துக்கு ஆவறது?"

"அம்மன் கோயிலுக்குத்தான போறேன்?"

"கோயிலுக்குன்னா அடக்கமா போவணும்."

"வெயிலு மண்டையப் பொளக்குது, காத்து வர வேணாமா? மூஞ்சி வேற திகுதிகுன்னு எரியுது. பவுடர் வெக்கவே முடியல."

"பாக்கறவன் கண்ணு சும்மா இருக்குமா?"

"அவன் கண்ணு கெட்டுப் போச்சின்னா அவன் போய் வைத்தியம் பாத்துக்கட்டும். என் முதுகு, என் இஷ்டம்!"

 இந்த வீட்டுச் சுவர்கள் இப்படி ஒரு பேச்சைக் கேட்டதே இல்லை. காஞ்சனாவுக்குக் கோபம் இருந்த இடத்தில் ஒரு யோசனை வந்து உட்கார்ந்தது. கொக்கியைக் கையில் பிடித்தாள். ஆனால் மாட்டவில்லை.

"அந்த நாயம் எனக்கும் உண்டா?"

"அவசரத்துல இன்னா கேள்வி இது?"

மேளம் பக்கத்துத் தெருவுக்கு வந்துவிட்டது. குழந்தைக்கு மஞ்சள் காமாலை வந்தபோது நேர்ந்துகொண்டது இது. மேளம் தாண்டிப் போய்விட்டால் நேர்த்திக்கடன் அடுத்த வருஷம்தான்.

"வர்ற ஞாயித்துக்கெழம சந்திரகிரில என் சித்தி பொண்ணு சந்தியாவுக்கு வளைகாப்பு," என்றாள் காஞ்சனா. "நான் இதத்தான் போட்டுக்கினு போவேன். யாராச்சும் வாயத் தொறந்தா?"

"ஒருத்தரும் தொறக்க மாட்டாங்க. போதுமா?"

"சத்தியமா?"

"கங்கம்மா மேல சத்தியம்! நீ இன்னா உடுத்தறேன்னு இனிமே இந்த ஊட்டுல யாரும் கேக்க மாட்டாங்க. நான் பொறுப்பு. கொக்கிய மாட்டு தாயே!"

கொக்கி மாட்டப்பட்டது. கயிறும் அழகாக முடிச்சானது. மனம் குளிர்ந்த காஞ்சனா, தன் தலைக்கென்று வைத்திருந்த மல்லிகையையும் எடுத்துச் சூட்டிவிட்டாள். அடுத்த நொடி அந்த ஜன்னல் முதுகு, வளையல் குலுங்க வாசலுக்கு ஒரே ஓட்டம்.

தெருவில் கூட்டாளிகள் வேணுவும் கங்கையாவும் பட்டுப்புடவை, சவுரி, பொட்டோடு காத்திருந்தார்கள். கங்கம்மா ஜாத்திரைக்கு ஆண்கள் பெண் வேஷம் கட்டி அம்மனைக் கும்பிடுவது திருப்பதியில் வழக்கம்.

பக்கத்து வீட்டு ஸ்வர்ணலதா எட்டிப் பார்த்தாள். "இன்னா காஞ்சனா, உள்ள ஒரே சத்தம்?"

காஞ்சனாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"மீசைய எடுத்ததும் எங்க ஊட்டுக்காரருக்கு நாயம் பேச வந்துடுச்சிக்கா!"